மலைக்குள் போனதும் செயற்கைக்கோளின் மண் ஈர எண்கள் ஏன் குழம்புகின்றன?

கேள்வி இதுதான். மலைப்பாங்கான ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு ஸ்மாப் செயற்கைக்கோளின் மண் ஈரத் தரவையும் சென்டினல்-1 ரேடார் படங்களையும் இறக்கி வைத்திருக்கிறீர்கள். அடிவாரச் சமவெளியில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மலைக்குள் போனதும் ஸ்மாப் கோப்பில் பாதிக் கட்டங்களுக்கு 'நம்பகம் குறைவு' என்ற கொடி விழுகிறது. அதே கோப்பில் கிடைமட்ட போலரைசேஷனை (அலை அதிரும் திசையை) வைத்துக் கணித்த எண் மண்ணை உலர்வாகக் காட்டுகிறது, செங்குத்துப் போலரைசேஷனை வைத்துக் கணித்தது ஈரமாகக் காட்டுகிறது. சமவெளியில் இரண்டும் ஒத்துப்போயின. ரேடார் படத்திலோ ஒரே மலையின் ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்றும் மறுபக்கம் கன்னங்கரேலென்றும் இருக்கிறது. கருவிக் கோளாறா, மலையின் வேலையா, திருத்த வழி உண்டா என்று கேட்கிறீர்கள்.

மலையின் வேலைதான். ஆனால் 'மலையில் தரவு சரியிருக்காது' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மலை பல விதமாகக் கைவைக்கிறது. சில பிழைகள் எதிரெதிராக வந்து தாமே அடிபட்டுப் போகின்றன. சில எல்லாச் சரிவிலும் ஒரே திசையில் வந்து சேர்ந்துகொண்டே போகின்றன. எது அடிபடும், எது சேரும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், உங்கள் கோப்பில் இருக்கும் அந்த உலர்வு–ஈரச் சண்டைக்கே விடை கிடைத்துவிடும்.

முதலில் ஸ்மாப் பக்கம் வருவோம். 2015 ஜனவரி 31 அன்று நாசா ஏவிய இந்தச் செயற்கைக்கோளில் ஒரு ரேடாரும் ஒரு ரேடியோமீட்டரும் இருந்தன. ரேடார் அதே ஆண்டு ஜூலையில் செத்துப்போனது. மிஞ்சியது ரேடியோமீட்டர். அது தரைக்கு எதையும் அனுப்புவதில்லை. தரை தானாகவே உமிழும் 1.41 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையை, 6 மீட்டர் அகல வலைத் தட்டு ஒன்றைச் சுழற்றிக்கொண்டே, செங்குத்திலிருந்து 40 பாகை சாய்ந்து கேட்கிறது. அப்படிக் கேட்டதை ஒளிர்வு வெப்பநிலை என்று கெல்வினில் சொல்கிறார்கள். ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்று சொல்லும் டைஎலக்ட்ரிக் மாறிலி தண்ணீருக்குச் சுமார் 80, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5. அதனால் மண் நனைய நனைய அது வானத்தை அதிகம் எதிரொளிக்கும், தன் சொந்த வெப்பத்தைக் குறைவாக உமிழும். வானமோ இந்த அலைவரிசையில் சுமார் 5 கெல்வின்தான், அப்படியொரு குளிர். ஆகவே ஈர மண் செயற்கைக்கோளுக்குக் குளிர்ந்து தெரிகிறது. மொத்த அளவீடும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

இதில் ஒளிந்திருக்கும் அனுமானங்கள் இரண்டு. ஒன்று, தரை மட்டமாக இருக்கிறது. எனவே படுகோணம், அதாவது பார்வைக் கோடு தரையின் செங்குத்துக் கோட்டோடு செய்யும் கோணம், 40 பாகை. இரண்டு, தரைக்கு மேலே தெரிவது வெறும் வானம். மலையில் இரண்டுமே பொய்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வழுவழுப்பான ஈர மண், டைஎலக்ட்ரிக் மாறிலி 15, வெப்பநிலை 290 கெல்வின் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரொளிப்பைக் கணிக்கும் ஃப்ரெனெல் சூத்திரத்தில் போட்டால் 40 பாகையில் கிடைமட்ட அளவு சுமார் 164 கெல்வின், செங்குத்து அளவு சுமார் 219 கெல்வின். இடைவெளி 55. இப்போது தரையைச் செயற்கைக்கோளை நோக்கி 10 பாகை சாய்த்தால் படுகோணம் 30 ஆகும். எண்கள் 176, 206. எதிர்ப்பக்கம் 10 பாகை சாய்த்தால் கோணம் 50. எண்கள் 146, 236. ஒவ்வொரு சரிவையும் தனியாகப் பார்த்தால் பயங்கரமான மாற்றம். கிடைமட்ட அளவு மட்டுமே 30 கெல்வின் ஊசலாடுகிறது.

ஆனால் ஸ்மாப்பின் ஒரு பார்வை ஏறக்குறைய 40 கிலோமீட்டர் அகலம். கோப்பில் 9 கிலோமீட்டர் கட்டத்தில் எண் வந்தாலும், உள்ளே இருப்பது அந்தப் பெரிய பார்வைதான். அதற்குள் நோக்கிய சரிவும் விலகிய சரிவும் கலந்தே கிடக்கும். இரண்டையும் சராசரி எடுங்கள். அதுவும் சும்மா இல்லை: செயற்கைக்கோளை நோக்கிய சரிவு அதன் கண்ணுக்கு அகலமாகவும் விலகிய சரிவு ஒடுங்கியும் தெரியும், அந்த விகிதத்தில் எடுங்கள். கிடைமட்டம் 163, செங்குத்து 219. மட்டத் தரைக்குக் கிடைத்த அதே எண்கள்! முதல்முறை இதைக் கையால் போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். தப்பில்லை. மிதமான சரிவுகளில் முன்னும் பின்னுமான சாய்வு கிட்டத்தட்ட முழுக்க அடிபட்டுப் போகிறது.

அப்படியானால் கோளாறு எங்கிருந்து வருகிறது? பக்கவாட்டுச் சாய்விலிருந்து.

தண்ணீர் தேங்கிய சாலையைப் போலராய்டு கறுப்புக் கண்ணாடி போட்டுப் பாருங்கள். கூச்சம் மறைந்துவிடும், ஏனென்றால் எதிரொளித்து வரும் ஒளியில் கிடைமட்ட அதிர்வுதான் அதிகம், கண்ணாடி அதை வடிகட்டிவிடும். இப்போது தலையை ஒரு பக்கமாகச் சாயுங்கள். கூச்சம் திரும்பி வரும். கண்ணாடியும் மாறவில்லை, சாலையும் மாறவில்லை. இரண்டுக்கும் இடையிலான கோணம் மாறிவிட்டது. மலையில் நடப்பது இதேதான், தலை நேராக இருக்க சாலை சாய்ந்துகொள்கிறது என்பது மட்டும் வித்தியாசம். செயற்கைக்கோள் எதைக் 'கிடைமட்டம்' என்கிறதோ அது அந்தச் சரிவின் கிடைமட்டம் அல்ல. இரண்டு போலரைசேஷனும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுகின்றன. பள்ளிப் பாடத்தில் 'தளவிளைவு' என்று படித்த அதே சமாச்சாரம்.

இங்கே ஒரு சூழ்ச்சி உண்டு. சாய்ந்து பார்ப்பதால், தரை பக்கவாட்டில் சாயும் அளவைவிடச் சுழற்சி அதிகம். 40 பாகைப் பார்வையில் 20 பாகைப் பக்கச் சரிவு சுமார் 29 பாகைச் சுழற்சியைத் தருகிறது. மேலே சொன்ன அதே ஈர மண்ணுக்கு, கிடைமட்ட அளவு 164-இலிருந்து 174 ஆக ஏறும். செங்குத்து 219-இலிருந்து 208 ஆக இறங்கும். இடைவெளி 55-இலிருந்து 35-க்கும் கீழே போய்விடும். இடது பக்கம் சாய்ந்தாலும் வலது பக்கம் சாய்ந்தாலும் இதே விளைவு, இதே திசையில். கலப்பின் அளவு சுழற்சிக் கோணத்தின் சைன் வர்க்கத்தைப் பொறுத்தது. வர்க்கத்துக்குக் குறி கிடையாது. அதனால் எத்தனை சரிவுகளைச் சராசரி எடுத்தாலும் இது அடிபடாது.

உங்கள் கோப்புக்குத் திரும்புவோம். கிடைமட்ட அளவு ஏறினால் அதை மட்டும் வைத்துக் கணிக்கும் முறை 'மண் சூடாகத் தெரிகிறது, அப்படியானால் உலர்வு' என்று முடிவு கட்டும். செங்குத்து அளவு இறங்கினால் அதை வைத்துக் கணிக்கும் முறை 'ஈரம்' என்று சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு வேறு விதமான மயக்கம் வரும்: செடிகொடிகள் அடர்ந்திருந்தாலும் இந்த இடைவெளி சுருங்கும் என்பதால், அது இல்லாத காட்டை இருப்பதாக எண்ணிக்கொள்ளும். மூன்று முறைகளும் அவற்றின் கணக்குப்படி சரியாகத்தான் சொல்கின்றன. தரை மட்டம் என்ற அடிப்படைதான் உடைந்துவிட்டது.

எவ்வளவு பெரிய பிழை இது? வெறும் மண்ணில் 1 சதவீத ஈர மாற்றத்துக்குக் கிடைமட்ட அளவு தோராயமாக 2 முதல் 3 கெல்வின் மாறும். ஸ்மாப்பின் துல்லிய இலக்கு கன அளவில் 4 சதவீதம். ஆக 10 கெல்வின் என்பது மொத்த இலக்கையும் ஒரே வாயில் விழுங்கிவிடக்கூடிய தொகை. ஆனால் ஒரு 40 கிலோமீட்டர் பார்வை முழுவதும் 20 பாகைப் பக்கச் சரிவாகவே இருக்காது. சரிவுகள் எல்லாத் திசையிலும் சிதறியிருந்தால் விளைவு ஏறக்குறைய பாதியாகும். மண்ணின் கரடுமுரடும் செடிகளும் போலரைசேஷன் வித்தியாசத்தை முன்பே மழுக்கிவிடுவதால் இன்னும் குறையும். அடர்ந்த காட்டு மலையில் இந்தச் சுழற்சி அநேகமாகக் கவலைப்படவேண்டிய விஷயமே அல்ல. அங்கே மண்ணே தெரியாததுதான் பெரிய பிரச்சினை. திபெத்தியப் பீடபூமியின் ஓரங்கள் போன்ற மொட்டை மலைகளில்தான் இது முழு வேகத்தில் தெரியும்.

அடுத்தது வானம். மட்டத் தரையில் மண் எதிரொளிப்பது 5 கெல்வின் வானத்தை. பள்ளத்தாக்கில் அந்த வானத்தின் ஒரு பங்கை எதிர்மலை மறைத்துக்கொள்கிறது. எதிர்மலையோ 200 கெல்வினுக்கு மேல் ஒளிரும் பொருள். நீண்ட, இருபுறமும் 30 பாகை ஏறும் 'வி' வடிவப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டால், ஒரு சரிவின் பார்வையில் சுமார் 13 சதவீதத்தை எதிர்ச்சரிவு பிடித்துக்கொள்ளும். மண்ணின் எதிரொளிப்பு 44 சதவீதம், எதிரொளிப்பு எல்லாத் திசையிலும் பரவுகிறது என்று வைத்தால், கிடைமட்ட அளவில் 10 கெல்வினுக்குச் சற்று மேல் கூடும். செங்குத்திலும் கூடும், கொஞ்சம் குறைவாக. இதுவும் எப்போதும் கூட்டல்தான், கழித்தல் கிடையாது. பள்ளத்தாக்கு எவ்வளவு ஆழமோ அவ்வளவு அது ஓர் அடுப்பின் உட்புறம் மாதிரி ஆகிவிடும். எதிரொளிப்பு எதிரொளிப்பாகச் சுற்றி, எல்லாமே வெப்பநிலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும், ஈரத்தின் தடயம் மங்கிவிடும்.

இப்போது இரண்டையும் கூட்டுங்கள். கிடைமட்டத்தில் சுழற்சியும் எதிர்மலையும் இரண்டுமே உயர்த்துகின்றன, அதாவது உலர்வுப் பக்கம். செங்குத்தில் ஒன்று இறக்குகிறது, மற்றொன்று ஏற்றுகிறது. அதனால் மலைப்பகுதியில் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் நான் செங்குத்தைப் பார்ப்பேன். அது சரி என்பதால் அல்ல, அதில் பிழைகள் கொஞ்சமாவது ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன என்பதால்.

உயரமும் தன் பங்குக்கு ஏதோ செய்கிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 கெல்வின் வீதம் வெப்பநிலை குறைவதால், ஒரே பார்வைக்குள் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 3 கிலோமீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் கிட்டத்தட்ட 20 கெல்வின் வித்தியாசம் இருக்கும். கணிப்பு முறைக்குத் தரை வெப்பநிலையை ஊட்டுவது ஒரு வானிலை மாதிரி. அந்த மாதிரியின் மலை வழவழப்பாகச் செதுக்கிய மலை. வெயில் படும் சரிவுக்கும் படாத சரிவுக்கும் இடையே உள்ள வேறுபாடு வேறு. ஸ்மாப்பும் அதற்கு முன் 2009-இல் ஐரோப்பா ஏவிய ஸ்மோஸும் காலை 6 மணி வாக்கில் கடப்பது இந்த விஷயத்தில் நமக்குச் சாதகம். இரவெல்லாம் ஆறிய மலையில் சரிவுக்குச் சரிவு வேறுபாடு குறைவு. மாலைத் தரவைவிடக் காலைத் தரவைத் தேர்ந்தெடுங்கள். காலையில் உயரமான இடங்களில் மண் உறைந்திருக்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம். பனிக்கட்டியின் டைஎலக்ட்ரிக் மாறிலி 3 சொச்சம்தான். உறைந்த ஈர மண் செயற்கைக்கோளுக்குக் காய்ந்த மண் மாதிரியே இருக்கும்.

பலர் கவனிக்காத இன்னொன்று, இடம் மாறித் தெரிவது. சாய்ந்து பார்க்கும் கருவி கடல்மட்டத்தை வைத்து இடம் குறித்தால், உயரமான தரை கருவியை விட்டு விலகும் பக்கமாகத் தள்ளிக் கிடக்கும். 55 பாகையில் பார்க்கும் ஜப்பானின் ஆம்ஸர்-2 போன்ற கருவிக்கு 4,000 மீட்டர் உயரத்தில் இந்தத் தள்ளல் 5.7 கிலோமீட்டர். அதன் 36.5 கிகாஹெர்ட்ஸ் பார்வை சுமார் 7-க்கு 12 கிலோமீட்டர். பார்வையில் பாதி பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது என்று அர்த்தம். ஸ்மாப்புக்கு இதே உயரத்தில் 3.4 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் பார்வையில் அது பெரிதில்லை.

பனி அளப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். 18, 37 கிகாஹெர்ட்ஸ் அளவுகளின் வித்தியாசத்தை 1.59-ஆல் பெருக்கினால் பனியின் ஆழம் சென்டிமீட்டரில் வந்துவிடும் என்ற 1987-ஆம் ஆண்டுச் சூத்திரம் சமவெளிப் புல்வெளிகளுக்குப் பொருந்தும். மலையில் சரிவுக்குச் சரிவு பனி ஆழம் மாறும், காடு குறுக்கே வரும். பனியை உருக்கினால் கிடைக்கும் தண்ணீர் அளவில் 150 மில்லிமீட்டர் தாண்டினால் சமிக்ஞையே ஏறுவதை நிறுத்திவிடும். மலைப்பனி அதைவிட எத்தனையோ மடங்கு தடிமன். குளோப்ஸ்னோ என்ற ஐரோப்பியப் பனி நீர்த் தரவுத் தொகுப்பு மலைகளை மொத்தமாகவே மறைத்துவிட்டு வெளியிடுகிறது. கொஞ்சம் முரட்டுத்தனம்தான், ஆனால் நேர்மையான முடிவு. தப்பான எண்ணைக் கொடுப்பதைவிட வெற்றிடம் மேல்.

சரி, ரேடாருக்கு வருவோம். உங்கள் சென்டினல்-1 படத்தில் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு.

ரேடார் பக்கவாட்டில் பார்க்கிறது. ஆனால் கேமரா மாதிரி கோணத்தைப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தது தூரம் ஒன்றுதான். எதிரொலி எவ்வளவு சீக்கிரம் வந்ததோ அவ்வளவு கிட்டே என்று படத்தில் புள்ளி வைக்கும். மலையின் உச்சி அடிவாரத்தைவிடச் செயற்கைக்கோளுக்குக் கிட்டே இருப்பதால் அதன் எதிரொலி முந்திக்கொள்ளும். விளைவாக எல்லா மலைகளும் ரேடாரைப் பார்த்து வணங்குவது மாதிரி சாய்ந்து கிடக்கும். நோக்கிய சரிவு சுருங்கி ஒரு வெள்ளைக் கோடாகும். சரிவின் சாய்வு படுகோணத்தைத் தாண்டிவிட்டால் உச்சி அடிவாரத்துக்கு முன்னாலேயே வந்து விழும், இரண்டும் ஒரே பிக்சலில் ஒன்றன்மேல் ஒன்று படியும். இதை மேற்படிவு என்று வைத்துக்கொள்வோம். 35 பாகைப் படுகோணத்தில் 1,000 மீட்டர் உச்சி சுமார் 1.4 கிலோமீட்டர் தள்ளிப்போகும். 1991-இல் ஏவிய ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள் இஆர்எஸ்-1 வெறும் 23 பாகையில் பார்த்தது. அதில் இதே உச்சி 2.3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். அந்தக் காலத்து மலைப் படங்களில் பாதி வெறும் வெள்ளைக் கசங்கலாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சென்டினல்-1 நிலத்தைப் படமெடுக்கும் வழக்கமான முறையில் 29 முதல் 46 பாகை வரை பார்ப்பதால் நிலைமை எவ்வளவோ தேவலை.

விலகிய சரிவு மிகச் செங்குத்தாக இருந்தால் ரேடார் அலை அங்கே எட்டவே எட்டாது. அது நிழல். 35 பாகைப் பார்வைக்கு 55 பாகைக்கு மேல் இறங்கும் பாறை முகங்களில்தான் முழு நிழல் விழும், அதாவது அரிது. கோணத்தைக் கூட்டினால் மேற்படிவு குறையும், நிழல் கூடும். இரண்டும் இல்லாத கோணம் செங்குத்து மலைகளுக்குக் கிடையாது.

இவை போக மிச்சமிருக்கும் சரிவுகளில் பிரகாசம் ஏன் மாறுகிறது? பெரும்பகுதி வெறும் பரப்பளவுக் கணக்கு. ஒவ்வொரு பிக்சலும் தூரத்தில் ஒரே அளவு. ஆனால் நோக்கிய சரிவில் அந்தத் தூரத்துக்குள் அதிக நிலம் அடங்கும். 35 பாகையில் மட்டத் தரையோடு ஒப்பிட்டால், 20 பாகை நோக்கிய சரிவில் ஒரு பிக்சலுக்குள் 2.2 மடங்கு நிலம். 20 பாகை விலகிய சரிவில் 0.7 மடங்கு. விகிதங்களை மடக்கையில் சொல்லும் டெசிபெல்லில் சொன்னால் ஒரு பக்கம் 3.5 கூடுதல், மறுபக்கம் 1.5 குறைவு. ஆக 5 டெசிபெல் வித்தியாசம், மண்ணிலோ செடியிலோ எந்த வித்தியாசமும் இல்லாமலேயே. மண் காய்ந்ததிலிருந்து நனைவதற்கு சென்டினல்-1 போன்ற சி-பேண்ட் அலைவரிசை ரேடாரில் கிடைக்கும் மாற்றமும் இப்படிச் சில டெசிபெல்தான். திருத்தாத படத்தில் மண் ஈரம் தேடுவது வீண் வேலை.

நல்ல சேதி, இந்தப் பரப்பளவுப் பகுதியைத் திருத்த முடியும். உயர மாதிரியை (தரையின் உயரத்தைப் புள்ளிக்குப் புள்ளி எண்ணாகத் தரும் வரைபடத்தை) வைத்து, ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் உண்மையில் எவ்வளவு நிலம் ஒளியூட்டப்பட்டது என்று கூட்டி, பிரகாசத்தை அதனால் வகுத்துவிடலாம். சூரிச் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்மால் 2011-இல் வெளியிட்ட இந்த முறை இப்போது பரவலாகப் பயன்படும் ரேடார் மென்பொருள்களில் இருக்கிறது. திருத்திய அளவைக் காமா என்பார்கள். திருத்தியதும் மலை தட்டையாகிவிடும், கண்ணுக்கு அழகு போய்விடும். சரியாகச் செய்ததற்கு அடையாளமே அதுதான். ஆனால் திருத்துவது பரப்பளவை மட்டும். சரிவில் பட்ட அலை எப்படிச் சிதறுகிறது என்ற இயற்பியலும் கோணத்தோடு மாறும், அது மிஞ்சும். காட்டில் கொஞ்சமாக, மொட்டை மண்ணில் நிறைய. மேற்படிவு விழுந்த பிக்சலில் இரண்டு இடத்து எதிரொலிகள் கலந்துவிட்டதால் எந்தத் திருத்தமும் அவற்றைப் பிரிக்காது; அவற்றை மறைத்துவிட்டு மேலே போங்கள்.

திருத்தம் உயர மாதிரியை நம்பி நிற்கிறது, அங்கேதான் நான் ஒருமுறை நன்றாகச் சறுக்கினேன். திருத்திய படத்தில் ஒவ்வொரு மலைமுகட்டின் ஓரத்திலும் ஒரு வெளிச்சக் கீற்று, அதை ஒட்டி ஓர் இருட்டுக் கீற்று. புதிதாக ஏதோ மண்சரிவு வரிசையைக் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது: உயர மாதிரி கடல்மட்டத்திலிருந்து அளந்தது, ரேடார் கணக்கு புவியின் கணித நீள்வட்டத்திலிருந்து அளக்கும். இரண்டுக்கும் இடையே அந்த இடத்தில் சுமார் 60 மீட்டர். அதை மாற்றச் சொல்லும் சின்னப் பெட்டியில் நான் குறியிடவில்லை. 60 மீட்டர் உயரப் பிழை 35 பாகையில் தரையில் 85 மீட்டர் நகர்த்தும், அதாவது 10 மீட்டர் பிக்சலில் எட்டு ஒன்பது பிக்சல். மலை ஓரிடத்தில், திருத்தம் பக்கத்து இடத்தில். கீற்று வராமல் என்ன செய்யும்? முகடுகளில் இப்படி ஜோடிக் கீற்றுகள் தெரிந்தால் முதலில் இதைச் சோதியுங்கள்.

இன்னொரு வேடிக்கை: பரவலாகப் பயன்படும் உயர மாதிரிகளே ரேடாரில் அளந்தவைதான். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து 60 மீட்டர் நீளக் கம்பத்தை நீட்டி 11 நாள் பறந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் ஆகட்டும், டான்டெம்-எக்ஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களிலிருந்து வந்த கோப்பர்நிக்கஸ் மாதிரி ஆகட்டும், செங்குத்து மலைகளில் அவற்றுக்கும் இதே மேற்படிவும் நிழலும் உண்டு. ஓட்டைகளை வேறு தரவால் அடைத்திருப்பார்கள். எங்கே திருத்தம் மிகவும் தேவையோ அங்கேதான் மாதிரி மிகவும் பலவீனம்.

பக்கம் மாறும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் படங்களில் குழப்பம் வந்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம். சென்டினல்-1 வலப்பக்கம் பார்க்கும். வடக்கு நோக்கி ஏறும் பாதையில் அது கிழக்கே பார்ப்பதால் மேற்குச் சரிவுகள் வெளுக்கும். தெற்கு நோக்கி இறங்கும் பாதையில் கிழக்குச் சரிவுகள் வெளுக்கும். இரண்டையும் ஒரே வரிசையில் கலந்து நேரத்தொடர் போட்டால் மண் ஆறு நாளைக்கொருமுறை நனைந்து காய்வது மாதிரி ஒரு ரம்பப்பல் வரைபடம் வரும். நனைவதும் இல்லை, காய்வதும் இல்லை. பார்க்கும் பக்கம் மாறுகிறது, அவ்வளவே.

இதிலிருந்தே ஒரு வழியும் பிறக்கிறது. மலை நகராது. ஒரே பாதை எண்ணில், 12 நாளைக்கு ஒருமுறை, கிட்டத்தட்ட அதே கோணத்தில் வரும் படங்களை மட்டும் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், சரிவு தந்த பங்கு இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் அது டெசிபெல்லில் கழிந்துபோகும். மிஞ்சுவது மாறியது மட்டும்: ஈரம், செடி, பனி. ஐரோப்பாவின் மெட்ஆப் வானிலைச் செயற்கைக்கோள்களில் உள்ள ஆஸ்கேட் ரேடார் கருவியிலிருந்து வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய மண் ஈரக் கணிப்பு இந்தத் தத்துவத்தில்தான் நிற்கிறது: அந்த இடத்தின் வரலாற்றிலேயே மிக உலர்ந்த, மிக ஈரமான அளவுகளை இரு முனைகளாக வைத்து, இன்றைய அளவு நடுவில் எங்கே என்று மட்டும் சொல்வது. அதன் கோப்பில் நிலத்தின் கரடுமுரடுக்கு 0 முதல் 100 வரை ஒரு குறியீடும் வரும். மலைப்பகுதிக்கு 'எத்தனை சதவீத ஈரம்' என்ற கேள்வியைவிட 'வழக்கத்தைவிட ஈரமா, உலர்வா' என்ற கேள்விக்கு இந்தக் கருவிகளிடம் நல்ல பதில் கிடைக்கும்.

ஒரேயடியாகத் தொல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மேலே ரேடியோமீட்டருக்குச் சொன்ன அந்தப் போலரைசேஷன் சுழற்சி, நான்கு போலரைசேஷன் சேர்க்கைகளிலும் அளக்கும் ரேடாரிலும் தெரியும். சுழற்சியை அளந்து, அதிலிருந்து பின்னோக்கிப் போய்ச் சரிவையே கணிக்கலாம் என்று 1990-களிலேயே செய்து காட்டினார்கள். ஒருவருக்குப் பிழை, இன்னொருவருக்கு அளவீடு.

எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தரை, நீர் மட்டங்களை அளக்கும் ரேடார் உயரமானி பற்றி ஒரு வரி: அது நேர் கீழே பார்ப்பதாக நினைத்துக்கொண்டு மிக அருகில் இருக்கும் முகட்டின் எதிரொலியைப் பிடித்துக்கொள்ளும். பள்ளத்தாக்கு ஆற்றின் நீர்மட்டம் என்று நீங்கள் எடுத்துக்கொள்வது பக்கத்து மலைத்தோளாக இருக்கலாம். ஜேசன்-3, சென்டினல்-3 போன்றவை கீழே எந்த உயரத்தை எதிர்பார்க்க வேண்டும் என்ற அட்டவணையைத் தம்முள்ளேயே சுமந்து செல்வதால் இந்தத் தடுமாற்றம் குறைந்திருக்கிறது.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்வேன்? ஸ்மாப்பில் கொடி விழுந்த கட்டங்களைத் தூக்கி எறியமாட்டேன், அவற்றின் முழு எண்ணையும் நம்பமாட்டேன்; காலைத் தரவை மட்டும் எடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் சொந்தப் பல்லாண்டுச் சராசரியிலிருந்து விலகலைப் பார்ப்பேன். கிடைமட்ட, செங்குத்து எண்களின் இடைவெளியைத் தனியாக வரைந்து வைப்பேன். அது ஆண்டு முழுக்க ஒரே அளவில் நின்றால் சரிவின் கைவரிசை. பருவத்தோடு ஏறி இறங்கினால் செடியோ பனியோ மண்ணோ பேசுகிறது. சென்டினல்-1-ஐ ஏறும் பாதை, இறங்கும் பாதை என்று இரண்டு கோப்புறையாகப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே பரப்புத் திருத்தம் செய்து, இரண்டு வரிசையும் ஒரே நாட்களை ஒட்டி ஈரம் என்று சொல்கிறதா என்று பார்ப்பேன். இரண்டும் ஒப்புக்கொண்டால் நம்பலாம். 2025 ஜூலை 30 அன்று ஏவிய நாசா–இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோளான நிசாரின் எல்-பேண்ட் (சி-பேண்டைவிட நீண்ட அலை) படங்கள் உங்கள் பகுதிக்குச் சேரச்சேர, இதே இரண்டு கோப்புறைகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு திறந்துகொள்ளுங்கள். அதுவும் 12 நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, சி-பேண்டைவிடச் செடிகளை ஊடுருவிப் பார்க்கும், மலை வளைக்கிற விதம் மட்டும் அப்படியேதான் இருக்கும்.